நாப்பது மூட்டை

— கொஞ்சம் பொறு தாயி. இடுப்புல ஊசி இறங்குற மாதிரி இருக்கு. அலங்காநல்லூர்லருந்து பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்தேன்.

— அந்த வெங்காய மூட்டையில சாஞ்சுக்கங்க கண்ணுச்சாமிண்ணே. அட்டையை நான் புடிச்சுக்கிறேன், நீங்க எழுதுங்க.

— எம்புட்டு நேரம் இருக்கு இஷ்ரத்து?

— மூணு மணிக்கு மேனேஜர் வந்துருவாரு. பில்லைக் கொடுத்து வாசிக்கச் சொல்வாரு, லோடு சீட்டு எழுதச் சொல்வாரு. தேறிட்டா என் நாற்காலி உங்களுக்கு. பிரசவத்துக்குப் போனா நான் திரும்பி வரப்போறதில்ல.

— தேறலைன்னா?

— தூக்க முடியாத ஆளு இனிமே குடோனுக்குள்ள வேண்டாம்னு சொல்லிட்டாருல்ல.

— இன்னொரு மூட்டை முதுகுல ஏறுனா காலே விளங்காமப் போயிரும்னு டாக்டரம்மா சொல்லிருச்சு. சரி, கேளு. முதல்லருந்து கேளு.

— இது என்ன?

— என், ஓ, புள்ளி. நம்பருக்குச் சுருக்கம். ஒரே ஒரு உருப்படின்னா அது.

— இது?

— என், ஓ, எஸ். நெறைய உருப்படி. ஏன் தாயி, நம்பருக்குள்ள ஓ எங்க இருக்கு?

— எனக்கும் தெரியாதுண்ணே. எங்கத்தா காலம் பூரா கடைக்கணக்கு எழுதுனாரு, அவருக்கும் தெரியாது. மேனேஜருக்குச் சத்தியமாத் தெரியாது. கேட்டு வச்சுறாதீங்க, கடுப்பாயிருவாரு.

— கேக்கல.

— மூட்டைக்கு பேக். நாப்பது மூட்டைன்னு எழுதுங்க.

— நாப்பது... பி, ஏ, ஜி.

— மறுபடியும் எஸ்ஸை விட்டுட்டீங்க.

— ஒண்ணுன்னாலும் மூட்டைதான், நூறுன்னாலும் நூறு மூட்டைதான். இருபது வருசமா அப்படித்தான எண்ணிச் சுமந்தோம். அதான் முன்னாடியே நாப்பதுன்னு போட்டாச்சுல்ல, பெறகு எதுக்கு ஒரு வாலு?

— வெள்ளக்காரனுக்கு ஒருக்காச் சொன்னா நம்பிக்கை வராதுண்ணே. போடுங்க.

— போட்டுட்டேன். வாலு கோணிருச்சு பாரு.

— பரவால்ல. அட்டைப் பெட்டிக்கு சி, டி, என். நெறைய இருந்தா அதுக்கும் எஸ். கிலோவுக்கு மட்டும் வெறும் கே, ஜி. ஆயிரம் கிலோன்னாலும் எஸ் கெடையாது.

— அது ஒண்ணுதான் நம்மாளு.

— சிரிக்காதீங்க, இடுப்பு புடிச்சுக்கும். அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். விருமாண்டிண்ணனும் காலையில வந்து இந்த வேலையைக் கேட்டாரு.

— என் ஜோடிக்காரன் விருமாண்டியா?

— ஆமா. மொழங்கால்ல தண்ணி கோத்திருக்கு. கைலியத் தூக்கிக் காட்டுனாரு. யா அல்லா, பாக்க முடியல.

— எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே அவன்.

— உங்க செட்டு வழக்கம் அதுதானண்ணே. ஜோடியில ஒருத்தன் விழுந்துட்டா அவன் பங்கையும் மத்தவன் தூக்கணும், கூலியில பாதியைக் கொடுக்கணும். வலிக்குதுன்னு வாயத் தொறந்தா அசிங்கம். நெசமாவே உங்களுக்குத் தெரியாதா?

— நொண்டுறதைப் பாத்தேன். கேக்கல. கேட்டா நான் எந்திரிச்சுத் தூக்கணும்ல.

— வெளிய லாரி நெழல்லதான் உக்காந்திருக்காரு. அவரும் அஞ்சாப்பு வரைக்கும் படிச்சவருதான். கூப்புடவா? ரெண்டு பேருக்கும் சேத்தே சொல்லித் தாரேன்.

— வேலை எத்தனை?

— ஒண்ணுதான்.

— கூப்புடாத.

— அண்ணே...

— ஷட்டரைப் பாதிக்கு இறக்கு தாயி. அவன் பாத்துறப் போறான்.

— நாளைக்கு அவரு மொகத்துல எப்படி முழிப்பீங்க?

— தெரியல. நீ அடுத்ததைச் சொல்லு. ஆடியிலருந்து என் பங்கு மூட்டை அம்புட்டையும் அவன்தான் சுமந்தான், அந்தக் கடனை நான் இன்னும் அவனுக்குக் கொடுக்கணும்.