எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறிய ஆட்டோ

பிள்ளைகளே, நேற்று உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகும் டவுன் பஸ்ஸில், என் முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். மூத்தவர் சொன்ன ஒன்றைக் கேட்டுத்தான் நான் காது கொடுத்தேன்.

"நாலு வருசத்துல என் ஆட்டோ எலுமிச்சம்பழத்து மேல ஏறி எறங்கனதோட சரி, விமலா. ஆயுத பூசைக்கு மட்டும்தான் ஸ்டார்ட் பண்ணுவேன்."

"எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கினியேக்கா! இன்னா பயம்?"

"எட்டு போட்ட எடத்துல தெரிஞ்சவங்க யாரும் இல்ல. நம்ம தெருவுல ஓட்டி, எங்கனா கவுத்துட்டா? ஊரே சிரிக்கும். அப்பறம் அப்பறம்னு தள்ளிக்கினே வந்து, இப்ப வித்தாச்சி. கையெழுத்து போடும்போது அழுதுட்டேன்."

"வாங்கனவன் வந்து எடுத்துக்கினு போறானா?"

"இல்ல, நாளைக்கி வாலாஜாபாத்துல கொண்டாந்து வுடணுமாம். டிரைவரு தேடணும்."

"லைசென்ஸ் வெச்சிக்கினு டிரைவரு தேடுறியா? ஒரே ஒரு தபா நீயே ஓட்டிக்கினு போயேன்க்கா."

சாலவாக்கத்தில் இறங்கும்போதுதான் மூத்தவர் கேட்டார்.

"நீ பின்னால ஒக்காந்து வருவியா?"