உடம்புக்கு ஒன்றுமில்லை

யாத்திரை போகிறவர்கள் அதிகம் மறந்துவிட்டு வருவது குளித்துத் துவட்டும் துவாயைத்தான். பதினெட்டு வருடமாக ஆட்களை இந்தியாவுக்குக் கூட்டிப் போகிறேன். கடவுச்சீட்டை மறந்தவர் ஒருவர்கூட இல்லை. துவாயை மறக்காத குழு ஒன்றுகூட இல்லை. அதனால் என் பையில் எப்போதும் ஆறு துவாய் மேலதிகமாக இருக்கும். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், தியாகராஜா ஐயா, இந்த ரவிகுமார் கவனமில்லாத ஆள் என்று நீங்கள் எழுதிக்கொண்டு போய்விடக் கூடாது.

காப்புறுதிக் கம்பனி வேலையாகக் கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயிலில் வந்து, இந்த மழையில் என் கந்தோர்ப் படியேறி, மேசையில் இரண்டு தாள்களை வைத்தீர்கள். இரண்டும் ஒரே பெண்ணின் விண்ணப்பம். பன்வில தோட்டத்துப் பாலம்மா, வயது அறுபத்தாறு. ஒன்றில் இருதய நோய் ‘உண்டு’ என்று இருக்கிறது. அது அவருடைய மகள் நிஷாந்தினி தன் கையால் நிரப்பி, போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டது. மற்றதில் ‘இல்லை’ என்று இருக்கிறது. உங்கள் கம்பனியில் பதிவானது அதுதான். இரண்டாவதை நிரப்பியது யார் என்று கேட்டீர்கள். நான்தான். இதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் பேனாவை மூடிவிடாதீர்கள். நீங்கள் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. அதற்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

“ஓம், ஆறுதலாச் சொல்லுங்கோ. நான் எழுதுறன்” என்கிறீர்கள். நல்லது.

எங்கள் ஆட்களுக்குக் காப்புறுதியை விளங்கவைப்பது லேசான காரியம் இல்லை. இங்கே காய்ச்சல் என்றாலும் நெஞ்சுவலி என்றாலும் கண்டிக்கோ பேராதனைக்கோ பஸ் ஏறினால் போதும். மருந்தும் இலவசம், வெட்டித் தைப்பதும் இலவசம். வரிசையில் நிற்கக் காலில் பலம் இருந்தால் சரி. கடல் தாண்டினால் பஞ்சுக்குக்கூட விலை உண்டு என்பது அப்படி வாழ்ந்தவர்களுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு வருடமும் கூட்டம் போட்டு நான்தான் சொல்வேன். “நாம சாமி பாக்கத்தான் போறோம். ஆனா ஆஸ்பத்திரி பில்ல சாமி கட்ட மாட்டாரு.” எல்லோரும் சிரிப்பார்கள், பிறகு சம்மதிப்பார்கள். காப்புறுதி இல்லாத ஆளை நான் பஸ்ஸில் ஏற்றியதே கிடையாது. இதைக் கண்டியில் யாரிடமும் விசாரிக்கலாம்.

படிவம்தான் தொல்லை. அதில் பன்னிரண்டு கேள்விகள். சீனி வருத்தம் உண்டா, பிரஷர் உண்டா, வலிப்பு உண்டா, இருதய நோய் உண்டா, இப்படியே போகும். கடைசியில், நீங்கள் இறந்தால் யாருக்கு அறிவிக்க வேண்டும் என்று ஒரு கட்டம். கட்டுக்கலைப் பிள்ளையார் கோவிலில் தேங்காய் உடைத்து, கையில் மஞ்சள் காப்புக் கட்டி விரதம் தொடங்கிவிட்டால், எங்கள் குழுவில் யாரும் நோய், சாவு என்ற பேச்சை வாயில் எடுக்க மாட்டார்கள். தலையிடித்தால் ‘முருகன் தட்டிப் பாக்குறாரு’ என்பார்கள். அப்படிப்பட்டவர்களை உட்காரவைத்து, செத்தால் யாருக்குச் சொல்வது என்று கேட்க முடியுமா? முதல் வருடம் கேட்டேன். ஓர் அம்மா காப்பைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அதன் பிறகு நான் யாரையும் கேட்கவில்லை. நானே நிரப்பினேன். ஆளுக்குப் பன்னிரண்டு ‘இல்லை’. படிவம் ஆங்கிலத்தில் இருந்ததால் அவர்கள் வாசிக்கவும் இல்லை. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்கள். பதினேழு வருடம் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை நான் என் கெட்டித்தனம் என்றே எண்ணிக்கொண்டிருந்தேன்.

பாலம்மா நாற்பது வருடம் கொழுந்து பறித்தவர். ஒன்பது வருடத்துக்கு முன் அவருக்கு இருதய வால்வு மாற்றினார்கள். பிழைத்து எழுந்தால் பழனி மலையை நடந்தே ஏறுகிறேன் என்று நேர்ந்துகொண்டிருக்கிறார். அந்த நேர்த்திக்காகத்தான் வந்தார். மகள் டவுனில் மருந்துக்கடையில் வேலை. அவள் என்னை நிரப்ப விடவில்லை. இதே மேசையில் உட்கார்ந்து, கேள்வி கேள்வியாக வாசித்து, உள்ளதை உள்ளபடி எழுதினாள். பிறகு பொலித்தீன் உறையில் போட்ட ஒரு கொப்பியை என்னிடம் தந்தாள். அம்மாவின் நோயும் மருந்தும் எழுதியிருக்கும் கிளினிக் கொப்பி.

“அண்ணே, அம்மா ரத்தம் ஒறையாம இருக்க நீலக் குளிச போடுறாங்க. விழுந்தா, அடிபட்டா, வெளிய ஒண்ணும் தெரியாது. உள்ளுக்க ரத்தம் நிக்காது. எதுன்னாலும் இந்தக் கொப்பியக் காட்டிருங்க. காட்டுனாப் போதும், டாக்டர்மாருக்கு வெளங்கிரும். ஒங்கள நம்பித்தான் அனுப்புறேன்.”

நான் அதை எல்லோருடைய கடவுச்சீட்டுகளோடும் என் இடுப்புப் பையில் வைத்து சிப்பை இழுத்து மூடினேன். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செய்தேன்.

மூன்று நாளில் உங்கள் கம்பனி அந்த விண்ணப்பத்தைப் பதியாமலே திருப்பி அனுப்பியது. இருதய மருத்துவரின் கடிதம் வேண்டும், முடிவு சொல்ல இரண்டு வாரம் ஆகும் என்று. விமானத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. பாலம்மாவிடம் ‘இந்தத் தடவை வேணாம், அடுத்த குழுவுல வாங்க’ என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் காப்புக் கட்டிவிட்டார். காப்புக் கட்டியவரை நிறுத்தியவன் என்ற பேச்சு எனக்கு வேண்டாம் என்று இருந்தது. புதுப் படிவம் ஒன்றை எடுத்து, நிஷாந்தினிக்குச் சொல்லாமல், பாலம்மாவிடம் கையெழுத்து வாங்கினேன். பன்னிரண்டு ‘இல்லை’ எழுத எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. கை பழகியது.

கட்டுநாயக்காவில் விமானத்துக்குக் காத்திருக்கும்போது பாலம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். “அக்கா, யாரு கேட்டாலும் ஒடம்புக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லுங்க. இன்சூரன்ஸ்ல அப்பிடித்தான் போட்டிருக்கு. மாத்திச் சொன்னா எல்லாருக்கும் கரச்சல்.”

“பொய்யா தம்பி?”

“பொய் இல்லக்கா. தாளுக்குச் சொல்றது.”

அவர் சிரித்தார். “சரி தம்பி. இவ்வளவு தூரம் கூட்டிட்டுப் போறீங்க, ஒங்களுக்காக இதுகூடச் சொல்ல மாட்டேனா” என்றார். குளிசைகளை அட்டையிலிருந்து பிரித்து, ஒரு சின்னத் தகர டப்பாவில் போட்டுக்கொள்ளச் சொன்னதும் நான்தான். மருந்தின் பெயர் வெளியில் தெரியாமல் இருக்கட்டும் என்று.

பழனியில் அவர் நேர்த்தியை முடித்தார். கிட்டத்தட்ட எழுநூறு படி ஏறினார், ஐயா. இளவட்டங்களுக்கே மூச்சு வாங்கியது. அவர் ‘அரோகரா’ சொல்லிக்கொண்டே ஏறினார். தரிசனம் முடிந்து இறங்கும்போது, குழுவில் வந்த கண்டிக் கடைக்காரர் வீட்டு ஞானேஸ்வரி அவர் கையைப் பிடித்திருந்தார். காலை எட்டு மணி இருக்கும். ஈரப்படியில் பாலம்மா கால் வழுக்கி மல்லாந்து விழுந்தார். பின்தலை கல்லில் பட்டது. இரத்தம் இல்லை, ஒரு வீக்கம் மட்டும். அவரே எழுந்து உட்கார்ந்து சேலையைச் சரிசெய்தார். நான் அலட்சியமாக இருக்கவில்லை. உடனே ஆட்டோ பிடித்து ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். குழு முழுவதும் பின்னால் வந்து, நெற்றியில் விபூதியோடு வாசலில் நின்றது.

அங்கே இருந்தது ஓர் இளம் டாக்டரம்மா. வீக்கத்தைத் தொட்டுப் பார்த்தார், கண்ணில் வெளிச்சம் அடித்தார். பிறகு என்னிடம் கேட்டார். “வயசானவங்க, தலையில அடி பட்டிருக்கு. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுறாங்களா? சாப்பிட்டா இப்பவே ஸ்கேனுக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவேன். அதுக்கு மாத்து மருந்து இருக்கு, சீக்கிரம் குடுக்கணும். இல்லேன்னா இங்கேயே வச்சுப் பார்க்கலாம்.”

இதைவிடத் தெளிவாக யாரும் கேட்க முடியாது. எனக்கு விளங்கவில்லை என்று நான் சொல்ல முடியாது.

கடவுச்சீட்டையும் காப்புறுதித் தாளையும் எடுக்க இடுப்புப் பையைத் திறந்தேன். பொலித்தீன் உறை விரலில் பட்டது. அதை விட்டு மற்ற இரண்டையும் எடுத்தேன். “இல்ல டாக்டர், ஒடம்புக்கு ஒண்ணுமில்ல” என்றேன்.

பத்து மணிக்குத் தாதி ஒருவர் பாலம்மாவின் பையில் தகர டப்பாவைக் கண்டு, இது என்ன மாத்திரை என்று கேட்டார். சத்து மாத்திரை என்றேன். நல்ல பிள்ளை, நம்பிவிட்டது.

மதியம் பாலம்மா தலையிடிக்கிறது என்றார். முருகன் தட்டிப் பார்க்கிறார் என்று சொல்லவில்லை. தலையிடிக்கிறது என்றே சொன்னார். இரண்டு மணிக்கு வாந்தி எடுத்தார், பேச்சு குழறியது. டாக்டரம்மா ஓடி வந்தார். இந்த முறை என்னைக் கேட்கவில்லை. குனிந்து அவரிடமே கேட்டார். “அம்மா, நீங்க தினமும் ஏதாவது மாத்திரை போடுறீங்களா? பயப்படாமச் சொல்லுங்க.”

பாலம்மா என்னைப் பார்த்தார். சொல்லட்டுமா என்று கேட்கிற பார்வை. நான் தலையை அசைத்திருந்தால் போதும். ‘சொல்லுங்கக்கா’ என்று ஒரு வார்த்தை. நான் கையிலிருந்த காப்புறுதித் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“ஒடம்புக்கு ஒண்ணுமில்லீங்க” என்றார் பாலம்மா.

அவர் பேசியது அதுதான் கடைசி. ஆம்புலன்சில் ஏற்றினார்கள். திண்டுக்கல் போய்ச் சேருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

அதற்குப் பின் எல்லாம் ஒழுங்காக நடந்தது. உங்கள் கம்பனியைக் குறை சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரிச் செலவு, ஆம்புலன்ஸ், பெட்டி, உடலைக் கொண்டுவர விமானம், அத்தனையும் உங்கள் கம்பனியே பார்த்துக்கொண்டது. காப்புறுதி எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. பன்வில தோட்டத்து லய வீடுகளில் எல்லோரும் அதைத்தான் பேசினார்கள். ரவி அண்ணன் இல்லாவிட்டால் பாலம்மாவின் முகத்தைக்கூடப் பார்த்திருக்க முடியாது என்றார்கள். பொய் சொன்ன வாய்க்குப் பொரியும் கிடைக்காது என்பார்கள். எனக்கு முப்பத்தோராம் நாள் வடை பாயசத்தோடு சாப்பாடு கிடைத்தது. நிஷாந்தினிதான் பரிமாறினாள்.

பரிமாறும்போது கேட்டாள். “கொப்பிய டாக்டர் பாத்தாங்களா அண்ணே?”

“பாத்தாங்க. அங்கேயே வச்சிக்கிட்டாங்க.”

“சரிண்ணே” என்று இலையில் இன்னொரு வடை வைத்தாள். அந்த வடையையும் தின்றேன்.

பிறகு அவள் உங்கள் கம்பனிக்கு எழுதி, டாக்டரம்மாவின் குறிப்பை வாங்கி வாசித்திருக்கிறாள். ‘வழக்கமாக எடுக்கும் மருந்து: எதுவும் இல்லை’ என்று அதில் மூன்று இடத்தில் இருக்கிறதாம். அதனால்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

இதோ, இந்த மேசை லாச்சியில்தான் இருக்கிறது கொப்பி. எடுத்துக்கொள்ளுங்கள். எரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. கடைசிப் பக்கத்தில் அடுத்த கிளினிக் தேதி போட்டிருக்கிறது. அந்தத் தேதி வந்தபோது காலையிலேயே பேராதனைக்கு பஸ் ஏறிப் போய், நீலக் குளிசைக்காரர்களின் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எல்லோர் மடியிலும் இதே மாதிரிக் கொப்பி. ஒரு அம்மா நகர்ந்து இடம் கொடுத்து, “ஒங்களுக்கும் வால்வாங்க?” என்று கேட்டார். என்னால் ‘இல்லை’ என்று சொல்ல முடியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சொல் வாயில் வரவில்லை. எழுந்து வந்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு நல்ல நித்திரை கிடையாது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா சொன்னதில்லை.

ஏன் செய்தேன் என்பதைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். உண்மையைச் சொன்னால் கம்பனி கைவிட்டுவிடும், பாலம்மாவின் குடும்பம் நடுத்தெருவில் நிற்கும் என்று யோசித்ததாகத்தான் இவ்வளவு நாளும் எனக்கு நானே சொல்லிவந்தேன். அது உண்மை இல்லை. வாசலில் முப்பத்தொன்பது பேர் நின்றார்கள். கொப்பியை வெளியே எடுத்திருந்தால், பாலம்மாவின் தாள் பொய் என்று வெளிவந்து, தங்களுக்கும் நான் பொய் எழுதியது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். பதினெட்டு வருடம் என்னைக் கும்பிட்ட கைகள் அவை. அந்தக் கைகள் இறங்குவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அதை எடுத்துக் காட்டியிருந்தால் பாலம்மா இன்று பன்வில தோட்டத்தில் இருப்பார். அவரைக் கொன்றது பழனிப் படி இல்லை, நான்.

எழுதிவிட்டீர்களா? கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள், ஐயா. காப்புறுதி இல்லாமல் நான் ஒருவரையும் கூட்டிப் போனதில்லை. பாலம்மாவையும்தான்.