பங்காளிக்குச் சொன்ன ஓடிபி

புதுச்சத்திரம் தாண்டியும் பஸ்ஸில் நிற்கத்தான் இடம். நான் பிடித்து நின்ற சீட்டில் இருந்த பெரியவர் பக்கத்திலிருந்த மகளிடம் சொன்னார்: "பங்காளி கேட்டா எப்படிச் சாமி ஓடிபி சொல்லாம இருக்கறது?"

"பேங்க்ல இருந்து பேசறேன்னு கணக்கையே தொடச்சுட்டுப் போனவன், எப்படீங்கப்பா பங்காளி ஆனான்?"

"குலதெய்வம் எதுன்னு கேட்டேன். 'மொதல்ல உங்களுது சொல்லுங்க'ன்னான். சொன்னேன். அவனுக்கும் அதே கோயிலுதானாம்."

மகள் கண்ணை மூடிக்கொண்டாள். "யாரு கேட்டாலும் சொல்லாதீங்கன்னு எத்தனை தடவ படிச்சுப் படிச்சுச் சொன்னேன்?"

"அது வெளியாளுக்குன்னு நெனச்சேன். ஆடி நோம்பிக்குக் கோயிலுக்கு வாரேன்னிருக்கான். வரட்டும், அங்க வெச்சுக் கேட்டுக்கறேன்."

"வந்தா, மொதல்ல எல போட்டுட்டுத்தானே கேப்பீங்க?"

"பின்ன? கோயிலுக்கு வந்தவனப் பசியோட நிக்க வெச்சா கேக்கறது?"