நோன்புக்குத் தனி அடுக்கு

ஐயோ, அதுக்கு ஏன் முகம் இப்படிச் சுருங்குது? நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்கல ரூஜா. வர்ற வழியில ஒரு காம்பு ஒடிஞ்சு விழுந்திருக்கும், நீ கவனிச்சிருக்க மாட்ட. ஆனா ரெட்டைப்படையில பூ, செத்தவங்களுக்குத்தானே கொண்டு போவோம். ஒருத்தர் கையில குடுக்கறதுக்கு முன்னாடி எண்ணிப் பாக்க வேணாமா? குடு, ஒண்ணை உருவிடறேன். ம், இப்பச் சரியாப் போச்சு.

உக்காரு. அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு கால் குட்டை. நாளைக்குச் சரி பண்றேன் நாளைக்குச் சரி பண்றேன்னு எங்க வீட்டு மனுஷன் வருஷக்கணக்கா சொல்லிக்கிட்டு இருக்காரு. இப்படி ஜன்னல் பக்கம் உக்காரு. வீட்டுச் செருப்பு பெருசா இருக்கா? அவரோடதுதான். காப்பித்தூள் அடியில தங்கட்டும், அவசரப்பட்டு வாயில வைக்காத. எதுக்கு இவ நம்மளக் கூப்பிட்டான்னுதானே உள்ளுக்குள்ள ஓடிக்கிட்டு இருக்கு உனக்கு? ஒரு உதவி கேக்கணும். மலையைத் தூக்கச் சொல்ல மாட்டேன், உன்னால முடியிறதுதான். சொல்லப்போனா உன்னால மட்டும்தான் முடியும். சொல்றேன், இரு. மொதல்ல காப்பியக் குடி.

எங்க வீட்டு மனுஷன் ராங்கெலையா தேடற? வீட்டுல இல்ல, வாசலைப் பாக்காத. விடியறதுக்குள்ள கேமராவைத் தோள்ல மாட்டிக்கிட்டுக் குன்றுக்குக் கிளம்பிட்டாரு. ஆத்து மேல மூடுபனி இறங்குற வாரமாச்சே, வீட்டுல தங்குவாரா? உனக்குத் தெரியாததையா நான் சொல்லிடப் போறேன். பாவம், இன்னிக்குத் தனியாத்தான் போயிருக்காரு. நீதான் என்கூடக் காப்பி குடிக்க வரேன்னு சொல்லிட்டியே.

மெதுவா, மெதுவா. புரையேறிடுச்சு பாரு. இந்தா தண்ணி.

யாரும் வந்து வத்தி வைக்கல. நீங்களேதானே காட்டுனீங்க. அவரு எடுத்த படத்தையெல்லாம் படிப்பகத்துல நீயே ஏணி போட்டு ஏறி ஆணி அடிச்சு மாட்டி, நாலு பருவமும் நம்ம ஊரும்னு மேல எழுதி வச்சு, மேயரைக் கூப்பிட்டு ரிப்பன் வெட்ட வச்சீங்களே. நான் பின்வரிசையில கோட்டைக்கூடக் கழட்டாம உக்காந்திருந்தேன். இலையுதிர்காலப் படத்துல ஒரு கிளையில மஞ்சக் கழுத்துத்துணி தொங்குது. அதைத்தான் இப்பவும் கட்டிக்கிட்டு வந்திருக்க. அவுக்காத, இருக்கட்டும், உனக்கு நல்லாத்தான் இருக்கு. பனிக்காலப் படத்துல மேட்டுல ஏறிப்போற காலடி ரெண்டு ஜோடி. ஒண்ணு அவரோடது, இடது காலை வெளிய தள்ளித் தள்ளி வைப்பாரு, எந்தச் சேத்துலயும் நான் கண்டுபிடிச்சிடுவேன். பக்கத்துலயே சின்னக் கால். வசந்தத்துல பூத்த மரத்தடியில ரெண்டு நிழல். கோடையில நிழலும் இல்ல தடமும் இல்ல, நீயேதான், முதுகைக் காட்டிக்கிட்டு வைக்கோல் கட்டு மேல உக்காந்திருக்க. ஊரே கைதட்டுச்சு. நானும் தட்டுனேன். படம் நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது.

உக்காருடி. எந்திரிச்சு எங்க போற? சண்டை போடறதா இருந்தா ரிப்பன் வெட்டுன அன்னிக்கே போட்டிருக்க மாட்டேனா, மேயருக்கும் பொழுது போயிருக்கும். ஒரு ரெண்டு வருஷம் முன்னாடி தெரிஞ்சிருந்தா உன் கொண்டையைப் பிடிச்சு இந்த ஏழு மாடியும் இழுத்துக்கிட்டே இறங்கியிருப்பேன். இப்ப முடியாது. காப்பிப் பாத்திரத்தைத் தூக்கவே ரெண்டு கை வேண்டியிருக்கு.

அழாத. அழறதப் பாக்கவா உன்னக் கூப்பிட்டேன்? மூக்கைத் துடை. வா, பால்கனிக்கு வா, ஒண்ணு காட்டறேன். கண்ணாடி போட்டு அடைச்சிருக்கு, குளிரடிக்காது. இந்த ஃப்ரீசர்ப் பெட்டியோட மூடியக் கொஞ்சம் தூக்கு. எனக்கு முடியல. ம், அப்படியே சுவத்துல சாச்சுடு.

பாத்தியா? எல்லாம் கோடைக்கு அப்புறம் பண்ணினதுதான். தயிர் டப்பா ஒண்ணைக்கூட நான் தூக்கிப் போடறதில்ல, கழுவிக் கழுவி வச்சிருந்தேன். வெள்ளை மூடி போட்டதெல்லாம் பீன்ஸ் சூப். சிவப்பு மூடி, குடமிளகாய்க்குள்ள அரிசியும் கறியும் அடைச்சது. இந்தப் பையில எல்லாம் சுட்ட மிளகாய், தோலுரிச்சுத் தட்டையா அடுக்கியிருக்கு, பூண்டும் எண்ணெயும் விட்டாப் போதும். மேல பேரு எழுதி ஒட்டி என்ன ஆகப்போகுது, அவரு படிக்கிறதில்ல. ஒரு தடவை சூப்புன்னு நெனச்சு உறைஞ்சுபோன பிளம்ஸைச் சட்டியில போட்டு உப்பும் மிளகுத்தூளும் தூவித் தின்னாரு. எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன். இன்னிக்குக் கொஞ்சம் இனிப்பு தூக்கலா இருக்குன்னாரு. சிரி, சிரி. நானும் அன்னிக்குச் சிரிச்சேன். அதனாலதான் மூடிக்கு ஒரு நிறம். நிறம்னா அவருக்குத் தெரியும். மூடுபனியில அத்தனை வகைச் சாம்பல் நிறம் இருக்குன்னு எனக்கே பாடம் எடுத்தவராச்சே.

ஒரு குளிர்காலம் ஓடிரும். முன்னாடி நாள் ராத்திரியே எடுத்து வெளிய வைக்கணும், அதைத்தான் மறந்துடுவாரு. மறந்துட்டுக் கல்லு மாதிரி இருக்கிறதை டப்பாவோட அடுப்புல வைப்பாரு. அதெல்லாம் அவர் பாடு. அவரை உன்கிட்ட ஒப்படைக்கத்தான் கூப்பிட்டேன்னு நெனச்சுக்காத. நீ பாத்துக்குவியோ, பாதியில விட்டுட்டுப் போவியோ, அது உங்க ரெண்டு பேரு சமாச்சாரம். நான் கேக்க வந்த உதவி அது இல்ல.

இந்த மிளகாய் சுட்ட அன்னிக்கு நீ பாத்திருக்கணும். கீழ முத்தத்துல எல்லாரும் டின் அடுப்பைப் போட்டு வரிசையாச் சுட்டுக்கிட்டு இருந்தோம், உடம்பெல்லாம் கரி, கண்ணெல்லாம் எரிச்சல். இவரு கேமராவோட இறங்கி வந்தாரு. நாப்பது வருஷத்துல மொதத் தடவையா நம்மள எடுக்க வராரோன்னு நெனச்சு, கையிலயே முடியை ஒதுக்கிக்கிட்டேன், நெத்தியெல்லாம் கரியாச்சு. நேரா என்னையத்தான் பாக்குறாரு. அப்புறம் சொல்றாரு, நேவேனா, ஒரு எட்டு தள்ளி நில்லு, புகை மறைக்குது.

புகையை எடுத்தாரு. அழகா வந்திருந்துச்சு. நீ அதையும் மாட்டியிருந்த, வாசலுக்கு எதிர்ல.

ஏய், அங்க கை வைக்காத! அந்த அட்டைக்குக் கீழ இருக்கிறதைக் கலைச்சிடாத. அது வேற. அது ராங்கெலுக்கு இல்ல. என்னன்னு பாக்கணுமா? சரி, அட்டையைத் தூக்கு. இந்தப் பக்கம் இருக்கிறது திராட்சை இலையில கறி வச்சுச் சுருட்டினது. அந்தப் பக்கம் இருக்கிறதும் திராட்சை இலைதான், ஆனா கறி இல்ல. அரிசி, வெங்காயம், கொஞ்சம் உலர்ந்த திராட்சை, எண்ணெய்கூடக் குறைவாத்தான். அது நோன்புக்கு. ரெண்டும் ஒரே அளவு. ஒரு பெரிய மேசை நிறைய ஆள் உக்காந்து சாப்பிடலாம்.

எதுக்கா? மாமியார் சாவுக்கு நீ வரல இல்ல? அது ஈஸ்டருக்கு முந்தின பெரிய நோன்புல நடந்துச்சு. சாவுச் சாப்பாட்டுப் பொறுப்பு என் நாத்தனார் ஸ்தான்காவோடது. அவ நல்லவதான், ஆனா காலண்டரைப் பாக்க மாட்டா. பாதிரியார் வந்து உக்காந்து, தட்டுல முள்கரண்டியைக் குத்துறாரு, உள்ள பன்றிக்கறி. எந்திரிச்சுத் தொப்பியை எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. ஊரு இன்னிக்கும் பேசுது. செத்த மனுஷி எப்படிப்பட்டவன்னு ஒருத்தருக்கும் ஞாபகமில்ல, அந்தப் பன்றிக்கறிதான் ஞாபகம். எனக்கும் அந்த ஸ்தான்காதான் பண்ணப்போறா. அதனால நானே பண்ணி வச்சுட்டேன். ஈரல்லயிருந்து ஆரம்பிச்சதாம், இப்ப எல்லா இடத்துலயும் இருக்காம். டாக்டர் மொதல்ல கிறிஸ்துமஸ்னாரு, அதுவரைக்கும் நோன்பு. போன தடவை, அதைத் தாண்டியும் இழுக்கலாம்னாரு. ஒரு தேதி சொன்னா ஒரு வகைதான் பண்ணியிருப்பேன். நோன்புக்குள்ள விழுமா வெளிய விழுமான்னு தெரியாம எதைப் பண்றது? ரெண்டையும் பண்ணிட்டேன். எது தேவைப்படலையோ அதை நீங்க சாப்பிட்டுக்கங்க.

மூடு. குளிர் வெளிய போகுது.

அவருக்குத் தெரியாது. மாசத்துல ரெண்டு தடவை ப்ளெவென் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறிப் போயிட்டு வரேன். பல் டாக்டரைப் பாக்கப் போறேன்னு மொதத் தடவை ஒரு வார்த்தை சொன்னேன், அதையே பிடிச்சுக்கிட்டாரு. எந்தப் பல்லுக்குடி இத்தனை தடவைன்னு ஒரு நாள் கேக்கல. கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன் ரூஜா, சத்தியமாச் சொல்லியிருப்பேன். சாப்பாட்டு மேசையில எதிர்ல உக்காந்து வாயைப் பாத்துக்கிட்டே இருந்தேன், கேப்பாரு கேப்பாருன்னு. மேகத்தைப் பத்திச் சொன்னாரு. வயித்தெரிச்சல்தான், வேற என்ன சொல்ல.

வேணாம், மன்னிப்பெல்லாம் கேக்காத. அதை வாங்கி நான் எங்க வைக்கறது, ஃப்ரீசரே நிறைஞ்சு போச்சு.

வா, உள்ள வா. இந்த டப்பாவைத் திற. எங்க வீட்டுப் படம் மொத்தமும் இதுதான், மிச்சமெல்லாம் மரம், மேடு, பனி. புரட்டிப் பாரு. நான் எங்க இருக்கேன்? இது கல்யாணத்துல. அவரோட சிநேகிதன் எடுத்தது, சரியா என் மூஞ்சிய மறைச்சுக் கேக்கைத் தூக்கிப் பிடிச்சிருக்கான் ஒருத்தன். இது கடல் பக்கம் போனப்ப, என் பாதி முதுகு. இது அடையாள அட்டைக்கு எடுத்தது. நல்லாப் பாரு, பிக்பாக்கெட் அடிச்சு மாட்டிக்கிட்டவ மாதிரி இல்ல? பிள்ளைங்க இருந்தா அதுங்க எடுத்திருக்கும், எங்களுக்கு அதுவும் இல்ல. ஆள் போனா நோட்டீஸ் ஒட்டுவாங்க இல்ல, இந்த வாசல் கதவுல, பஸ் ஸ்டாப்ல, படிப்பகத்து மரத்துல. நான் காய்கறி வாங்கப் போறப்பவெல்லாம் ஒவ்வொரு முகமா நின்னு பாத்துட்டுத்தான் போவேன். நாப்பதாம் நாள் ஒரு தடவை, ஆறு மாசத்துல, வருஷத்துல, மறுபடி மறுபடி அதே முகம்தானே ஒட்டுவாங்க. இந்தத் திருட்டு மூஞ்சியோட நான் மழையில நனைஞ்சுக்கிட்டு அங்க தொங்கணுமா?

ஸ்டுடியோவா? கடைத்தெருவுல இருக்கு, எனக்கும் தெரியும். படம் எடுக்கிற மனுஷனோட ஒரு ஆயுசு வாழ்ந்துட்டு, கடைசியில எவனோ ஒருத்தன்கிட்ட காசு குடுத்து மூஞ்சியைக் காட்டவா? கீழ துயரத்துடன் கணவர்னு போட்டிருக்கும், மேல கடைக்காரன் எடுத்த படம். எனக்கு அது வேணாம். நாப்பது வருஷத்துல ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்தக் கேமராக் கண்ணாடி வழியா அவரு என்னையப் பாக்கணும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. இன்னிக்கு இந்த நீலச் சட்டையும் உதட்டுச் சாயமும் உனக்காகப் போட்டேன்னா நெனச்ச?

லிஃப்ட் சத்தம் கேக்குதா? அவருதான், நம்ம மாடியில அது இப்படித்தான் முனகும். கண்ணைத் துடை. நோட்டீஸுக்குன்னு சொல்லிடாத, அப்புறம் கேமரா கையில ஆடும். அடுத்த கண்காட்சிக்குப் பனிக்காலத்துக்கு ஒரு வயசான முகம் வேணும்னு சொல்லு. முகத்துல ஃபோகஸ் வைக்கச் சொல்லு, பின்னாடி ஜன்னல்ல வச்சிடப் போறாரு. நானும் கேட்டுப் பாத்தவதான். போன வாரம்கூடக் கேட்டேன், வெளிச்சம் சரியில்லன்னாரு. எனக்கு எப்பவும் வெளிச்சம் சரியா இருந்ததே இல்ல. நீ கேட்டா எடுப்பாரு, ரூஜா. கதவைத் திறந்ததும் கேளு, கேமராவைக் கீழ வைக்கறதுக்குள்ள.