தொதல் மெஷினின் மானம்

எனக்குத் தொதல் அவ்வளவாகப் பிடிக்காது, மாமா. அந்த இனிப்பு பல்லில் ஒட்டும். அதனால் நடந்ததை விருப்பு வெறுப்பில்லாமல் சொல்ல என்னால் முடியும்.

உங்கள் மகன் ஸாஹிர் கட்டாரில் இருந்து கொண்டுவந்த கிண்டுகிற மெஷின் நல்ல சாமான். காத்தான்குடியில் பாதிப் பேருடைய ஃபேனும் கரண்ட் சைக்கிளும் திருத்துகிறவன் நான், பொறாமையில் குறை சொல்ல மாட்டேன். அடுப்பில் வைத்த தாச்சிச் சட்டிக்கு மேலே மூன்று காலில் நின்று துடுப்பைச் சுற்றும். உள்ளே மூன்று வயரில் ஓடுகிற மோட்டர். அதை ஓட்டுகிற சிப் நெல்மணி அளவு ரெசிஸ்டர் ஒன்றைப் பார்த்துக்கொண்டே இருக்கும். தொதல் இறுகி மோட்டர் கூடுதலாகக் கரண்ட் இழுத்தால், அந்த ரெசிஸ்டரில் தெரிந்துவிடும். சிப் உடனே ஓட்டத்தை நிறுத்திவிடும்.

போன கிழமை கிண்டிப் பார்த்தபோது மூன்று தரம் நின்றது. என் மனைவி, உங்கள் மகள் பஹீமா, என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"இதுவும் உங்களப் போலதான். கொஞ்சம் கஷ்டம் வந்தாக் குந்திரும்."

எனக்குக் கோபம் வரவில்லை. மெஷினின் மானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் பட்டது.

ரெசிஸ்டருக்கு மேலே தடித்த செப்புக் கம்பியை வைத்துப் பற்றவைத்தேன். இனி எவ்வளவு கரண்ட் போனாலும் சிப்புக்குத் தெரியாது. மோட்டர் இறுகி நின்றுவிட்டதா என்று அது பார்க்கிற வழியையும் அடைத்தேன். சூட்டை உணர்வது மட்டும் சிப்புக்கு உள்ளேயே இருக்கிறது, கைவைக்க முடியாது. அதற்கு மேலே ஐஸ் பை ஒன்றைக் கட்டினேன். காய்ச்சல்காரருக்கு நாம் செய்வதுதானே.

இன்றைக்கு ஸாஹிரை மாப்பிள்ளை பார்க்க ஏறாவூரில் இருந்து பெண் வீட்டார் வந்தார்கள். ஆற்றங்கரைப் பக்க வளவில் தாச்சி. முக்கால் மணித்தியாலம் மெஷின் அழகாகக் கிண்டியது. பாதுகாப்பு முக்கியம் என்பதால் அடுப்பை நானே அணைத்தேன். ஆறியதும் தொதல் இறுகித் துடுப்பைப் பிடித்துக்கொண்டது. மோட்டர் நிற்கவில்லை. துடுப்புத் திரும்பாததால் மெஷினே திரும்பியது.

அதன் கால் பக்கத்தில் கதிரையில் இருந்த ஸாஹிரின் சாரனில் மாட்டியது. முதல் சுற்றில் கரை போனது. இரண்டாம் சுற்றில் சாரனே போய்விட்டது. உள்ளே அன்னாசிப்பழப் படம் போட்ட கட்டைக் காற்சட்டை. பெண்ணின் வாப்பா அப்போது சர்பத் குடித்துக்கொண்டிருந்தார். பாவம், மூக்கால் வந்தது.

"றம்ஸீன் மச்சான், நிப்பாட்டுங்க" என்று கத்திக்கொண்டே ஸாஹிர் மாமரத்துக்குப் பின்னால் ஓடினான்.

"பிளக்கக் கழட்டுங்களன்" என்றாள் பஹீமா.

நான் நடந்துதான் போனேன். ஓடினால் வழுக்கும்.

ஏறாவூர் ஆட்கள் "பிறகு சொல்றம்" என்று எழும்பிப் போனது எனக்கும் கவலைதான்.

மெஷினுக்குப் பக்கத்தில் ஸாஹிருக்குக் கதிரை போட்டது யார் என்று கேட்டீர்கள். நான்தான். கண்டபடி போடவில்லை, மாமா. நேற்றே மெஷினை ஓடவிட்டு, நானே இருந்து, மூன்று இடத்தில் வைத்துப் பார்த்தேன். என்னுடைய சாரன் இரண்டு கிழிந்தது. அந்தக் கடைசி இடத்தில்தான் சரியாக மாட்டியது. எல்லாம் மெஷின் நல்லா ஓட வேண்டும் என்றுதான் செய்தேன்.