எலிக்கும் பிரஷர்

ஜெயராணி: வத்தேகம பஸ் ஸ்டாண்டே பாக்க, கஞ்சிச் சட்டிக்குப் பக்கத்துலயே விழுந்தீங்களாமே?

தியாகராஜா: விழல. உக்காந்தேன்... கொஞ்சம் வேகமா.

ஜெயராணி: ஆமா, மண்டையால உக்காந்தீங்க.

தியாகராஜா: மெதுவா பேசுடி. ஆஸ்பத்திரி வாட்டு வாசல்ல, தெனம் நம்ம கஞ்சி குடிக்க வர்ற ஷிஹாப் நானா நிக்கிறாரு. அவருதான் ஆட்டோவில தூக்கிப் போட்டுக் கொண்டாந்தாரு.

ஜெயராணி: மானம் போயிருச்சாக்கும்?

தியாகராஜா: ஏவாரம் போயிரும்! டொக்டர் குடுத்த பிரஷர் குளிசைய வீசிட்டேன், வல்லாரைக் கஞ்சிதான் என் பிரஷர எறக்குச்சுன்னு சொல்லித்தானே விக்கிறேன். அதக் கேட்டு அந்த மனுசனும் வீசிட்டேன்னு ஊருக்கெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறாரு.

ஜெயராணி: நல்லாத்தான் எறங்கியிருக்கு. ஒங்க நெஞ்சு ஒவ்வொரு அடிக்கும் யோசிச்சு யோசிச்சு அடிக்குதுன்னு நர்ஸ் மிஸ்ஸி சொன்னாங்க.

தியாகராஜா: டொக்டரு என்னமோ பேட்டரிங்கிறாரு...

ஜெயராணி: நெஞ்சுக்குள்ள வைக்கிறதாம். தானா வேகம் ஏறலன்னா நாளைக்கே வச்சிருவாங்களாம்.

தியாகராஜா: நான் என்ன டோர்ச் லைட்டா?

ஜெயராணி: வச்சாலாவது வெளிச்சம் வருதான்னு பாப்போம்... ஏங்க, குளிசை போடுறீங்களான்னு டொக்டர் கேட்டாரா?

தியாகராஜா: கேட்டாரு. ஷிஹாப் நானா பக்கத்துலயே நின்னாரு... நிப்பாட்டிட்டேன்னு சொல்லிட்டேன்.

ஜெயராணி: நிப்பாட்டிட்டேன்னா சொன்னீங்க?

தியாகராஜா: ஏன் முழிக்கிற?

ஜெயராணி: இல்ல... அந்தக் குளிசை பிரஷர மட்டும் எறக்காதாம். நெஞ்சு அடிக்கிற வேகத்தையும் கொறைக்குமாம். அளவா இருந்தா நெஞ்சுக்கு நல்லதாம். கூடிப்போனா...

தியாகராஜா: அது போடுறவனுக்கு!

ஜெயராணி: அலுமாரியில வச்ச கிளினிக் குளிசை கொறையுறத நீங்க பாக்கவே இல்லையா?

தியாகராஜா: பாத்தேன். எலி தூக்குதுன்னு நெனச்சேன்.

ஜெயராணி: எலிக்கு எதுக்குங்க பிரஷர் குளிசை?

தியாகராஜா: ஒன் சத்தத்துல குடியிருக்கிற எலிதானே, பிரஷர் வராம இருக்குமா?

ஜெயராணி: ...நான்தாங்க அந்த எலி. தூளாக்கி ஒங்க கஞ்சியில கலந்தேன்.

தியாகராஜா: அடிப்பாவி! சட்டியிலயா, கிளாஸ்லயா?

ஜெயராணி: ஒங்க கிளாஸ்லதான்! எங்கப்பாவும் இப்படித்தான் வீம்புக்கு நிப்பாட்டுனாரு. வாய் கோணிப் படுத்தவரு எந்திரிக்கவே இல்ல... பயமா இருந்துச்சுங்க. வாயத் தொறந்து திட்டித் தொலைங்க.

தியாகராஜா: எந்த வாயால திட்டுறது... நானும்தான்டி போடுறேன். அதே குளிசைய கட்டுகஸ்தோட்டை பார்மசியில வாங்கி, தெனம் காலையில கக்கூஸுக்குள்ள நின்னு முழுங்குறேன்.

ஜெயராணி: ஐயோ, அப்ப ரெட்டைக் குளிசை! இருங்க, பேட்டரி வேணாம்னு மிஸ்ஸிக்கிட்ட ஓடிப்போய்ச் சொல்றேன்.

தியாகராஜா: போற வழியில நானாவ உள்ள அனுப்பு. ஏவாரம் போனாப் போகட்டும்... நானா, வாங்க. நான் சொன்னதெல்லாம் பொய். கஞ்சி இல்ல, குளிசைதான் என்னையக் காப்பாத்துச்சு. தயவுசெஞ்சு நீங்க இன்னைக்கே திரும்பக் குளிசையத் தொடங்குங்க.

ஷிஹாப்: அல்லாஹ்வே, நான் எங்க நிப்பாட்டின? நீங்க அங்கால திரும்பினதும் ஒங்கட கஞ்சியோடதானே தினமும் குளிசைய முழுங்குற!