ஸ்மார்ட் போர்டுக்குச் சொந்தக்காரி

"ஹலோ... ஹலோ, கட் பண்ணிடாதீங்க மேடம். மூணு தடவை பாட்டைப் போட்டே காக்க வச்சிட்டாங்க... ஆமா, ஆமா, ஹெட்மாஸ்டர்தான் பேசறேன். உங்க கம்பெனி ஸ்மார்ட் போர்டுதான்..."

மணி மூன்று நாற்பது. ஏழாம் வகுப்பு அறையின் சுவரையே அடைத்துக்கொண்டு நின்ற பலகைக்கு முன்னால், தலைமையாசிரியர் செல்போனைக் காதுக்குள் திருகிவிடுவதுபோல் அழுத்திக்கொண்டிருந்தார். வடிந்த வியர்வையைப் பிடித்து வைத்திருந்தால் இரண்டு வாளி தேறியிருக்கும்.

"அழிச்சோம்மா. டஸ்டரால அழிச்சோம், விரலால அழிச்சோம்... உள்ளே சேமிச்சு வச்சுக்கும்னு எங்களுக்கு யாரு சொன்னா?... நாலு மணிக்கு 'இன்றைய பாடம்'னு எல்லாப் பெற்றோருக்கும் தானாவே போயிடுமாமே, அதைத்தான் நிறுத்தணும்... பாடமா? பாடம் இல்லம்மா... அது வந்து... ஒரு பட்டியல்."

குரலைத் தாழ்த்திக்கொண்டு, என்ன பட்டியல் என்று சொன்னார். மதியம் இதே அறையில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில், எந்தப் பெற்றோரிடம் எப்படிப் பேசுவது என்று குறிப்பெழுத ஆரம்பித்தார்கள். குறிப்பு பட்டப்பெயராக மாறியது. கணக்கு வாத்தியார் ஒன்று எழுத, அறிவியல் டீச்சர் சிரித்துக்கொண்டே இரண்டு எழுத, பலகையில் இடம் தீர்ந்தபோது நாற்பத்தோரு பேரின் மானம் கப்பலேறியிருந்தது. அதில் 'நடமாடும் வக்கீல் நோட்டீஸ்' என்பது தலைமையாசிரியரின் சொந்தக் கையெழுத்து. சிவப்பு மை, அடிக்கோடு வேறு.

"மானநஷ்ட வழக்கு வருமாவா? நாற்பத்தொண்ணு வரும்மா. ஆளுக்கு ரெண்டு வாய்தா வாங்கினாலும், ரிட்டயர் ஆன பிறகும் நான் கோர்ட்லதான் குடியிருக்கணும்... என்னது, உரிமையாளர் உள்ளங்கையை வச்சாதான் அழியுமா? வச்சுப் பார்த்தேனே... நான் இல்லையா? அப்ப வேற யாரு?... வந்த அன்னைக்கே பதிஞ்சாச்சா... எழுபத்திரண்டு பக்க நிபந்தனையையும் படிச்சு ஏத்துக்கிட்டாங்களா? இங்க அவ்வளவு பொறுமை யாருக்கும்மா..."

சட்டென்று போனைக் காதிலிருந்து இறக்கினார். பலகையை மாட்டிய அன்று, பெருக்கித் துடைக்கும் ஆயாம்மா ஈரத்துணியோடு வந்து, ஒரு கையைப் பலகையில் ஊன்றிக்கொண்டு மறுகையால் துடைதுடை என்று துடைத்தது ஞாபகம் வந்தது. 'சம்மதம்' என்ற கட்டம் எழுபத்திரண்டு முறை சுத்தமாகத் துடைக்கப்பட்டிருந்தது.

ஆயாம்மாவைக் கையோடு இழுத்து வந்தபோது மணி மூன்று ஐம்பத்திரண்டு.

"வந்துட்டாங்க மேடம்... நான் வெளியே போகணுமா? ஏன்?... மேலதிகாரி பக்கத்துல நின்னா அவங்க சம்மதம் செல்லாதா... சரி, சரி. இந்தாங்க ஆயாம்மா. 'அழிச்சிடு'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

கண்ணாடிக் கதவு சாத்தப்பட்டது. இனி அவருக்கும் பாதிப் பேச்சுதான் காதில் விழும்.

"ஹலோ... சொல்லு கண்ணு... ம்... ம்... எனக்கா சொந்தம்? தூசி தட்டினதுக்கா?... அப்படியா... எத்தனை வீட்டுக்குப் போகும்?... அத்தனை வீட்டுக்குமா... சரி, எல்லாத்தையும் அழிச்சிடு. பாவம், மனுசனுக்கு வேர்த்துக் கொட்டுது... ம், கையை வச்சிட்டேன்... போயிடுச்சா?"

தலைமையாசிரியர் பக்கத்திலிருந்த தூணைக் கட்டிக்கொண்டார்.

"...இரு கண்ணு, வைக்காதே. இப்ப வெறும் போர்டாத்தான் போகுமா?... நான் எழுதினா?... எவ்வளவு வேணும்னாலும் எழுதலாமா?"

அவர் கதவைத் தட்டினார். தாழ்ப்பாள் உள்பக்கம். ஆயாம்மாவின் விரல் நகர நகர, ஒவ்வொரு எழுத்தும் விரித்த குடை அளவுக்கு எழுந்து நின்றது.

'பிள்ளைங்க கக்கூஸ்ல தண்ணி வந்து நாலு மாசம் ஆச்சு. அடக்கிக்கிட்டு உக்காந்திருக்குங்க. சொன்னா, சார் ஆகட்டும் ஆகட்டும்ங்கிறார்.'

நான்கு மணி அடித்தது.

"போயிடுச்சா?... ம்... மகராசியா இரு. வச்சிடறேன்."

கதவு திறந்தது. போன் அவர் கைக்கு வருவதற்குள் அலறத் தொடங்கியிருந்தது.

"ஹலோ... ஆமா சார்... ஆமா, ஆமா, இப்பதான் என் கவனத்துக்கு... இன்னைக்கே சார். பிளம்பர் வந்துட்டே இருக்கார்..."

கட் செய்தார். அடுத்த அழைப்பு வருவதற்குள், பிளம்பர் யாரையாவது தெரியுமா என்று ஆயாம்மாவிடமே கேட்டார்.